கணவாயில் நின்றுவிட்டவள்

எங்கள் பள்ளத்தாக்குக்கு ஒரே பேருந்துதான். அதை ஓட்டுகிறவள் ஸீட்டா. காலையில் மர அறுப்பு ஆலைக்குப் போக நான் ஏறும்போது "வணக்கம் அகாத்தா" என்பாள். சாயங்காலம் இறங்கும்போது "நாளைக்குப் பார்ப்போம்" என்பாள். வருஷக்கணக்கில் எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான். நான் எப்போதும் அவளுக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் உட்காருவேன். அவள் முகத்தைவிட அவள் பின்னங்கழுத்தும், அங்கே தொங்கும் செம்பட்டைப் பின்னலும்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குப் பனி பிடிக்காது. பனியில் பிறந்தவர்கள் எல்லாரும் பனியை நேசிக்க வேண்டும் என்று டிரோல் மலைநாட்டில் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் அது கிட்டத்தட்டச் சட்டம் மாதிரிதான். இங்கே மலைமேல் ஏறக் கம்பிவட லிஃப்ட் கிடையாது. வேண்டாம் என்று ஊரே சேர்ந்து முடிவு செய்தது. அதனால் மலை ஏறுகிறவர்கள் ஸ்கீ பலகைகளுக்கு அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு, வழுக்காமல், அடிமேல் அடி வைத்து அரைநாள் ஏறுவார்கள். உச்சியில் பட்டையை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் சறுக்கி இறங்கிவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவா இவ்வளவு என்று என் கணவர் கேட்பார். அவர் கிராஸ் நகரத்துக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார்.

ஸீட்டாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊருக்கு மேலே, காடு தொடங்குகிற இடத்தில் இருக்கும் வீட்டில் தனியாக இருந்தாள். ஆனால் அவள் தனி ஆள் என்று யாரும் நினைத்ததில்லை, ஏனென்றால் குளிர்காலம் வந்துவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் காஸியான், ஃப்ரோனி, ஸீட்டா மூன்று பேரும் சேர்ந்து மலைக்குப் போவார்கள். காஸியான் மின்வேலை செய்கிறவன், மீட்புக் குழுவிலும் இருக்கிறான். வாய் ஓயாதவன். ஃப்ரோனி ரொட்டிக் கடையில் வேலை செய்கிறவள். ஸீட்டாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இருபது வயதில் தொடங்கிய பழக்கம். மூன்று பேருக்கும் தலை நரைக்கத் தொடங்கியும் அது மாறவில்லை.

அந்தப் பிப்ரவரியில் நாள் கணக்கில் பனி கொட்டியது. பிறகு ஒரு ராத்திரி முழுக்கக் காற்று. விடிந்தால் கண் கூசுகிற வெயில். சனிக்கிழமை. மூன்று பேரும் எல்லென்கோஃபெல் மலைக்குக் கிளம்பினார்கள். அங்கே நடந்ததை நான் ஊர் விடுதியில் காஸியான் வாயாலும் கேட்டேன், ரொம்பப் பின்னால் ஸீட்டா வாயாலும் கேட்டேன். இரண்டும் ஒரே கதைதான், ஒரே கதை மாதிரிதான் இருக்காது.

லார்ச் என்கிற ஊசியிலை மரங்கள் முடிகிற இடத்தில், ஸீட்டாவின் காலடியில் பனி ஒரு தடவை 'தொம்' என்று உள்ளே இறங்கியது. பெரிய மெத்தையில் யாரோ உட்கார்ந்த மாதிரி. மலை ஏறுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். மேலே இருக்கும் பனி, கீழே இருக்கும் பனியைச் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். முன்னால் போன இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை. கணவாய்க்கு ஏறி, உச்சிக்குக் கீழே இருக்கும் கடைசிச் சரிவைப் பார்த்ததும்தான் நின்றாள். அது தலையணை மாதிரி உப்பியிருந்தது.

"காஸியான், இதோட போதும்."

"என்ன போதும்? உச்சி அதோ, கை நீட்டினாத் தொட்டுடலாம்."

"ராத்திரி பூரா காத்து அந்தப் பக்கத்துப் பனிய அள்ளி இங்க கொட்டியிருக்கு. கீழ மரத்தாண்ட தொம்முனு ஒரு சத்தம் வந்துச்சு. உங்க ரெண்டு பேருக்கும் கேக்கல?"

"என் வயிறா இருக்கும். காலைல வெறும் காப்பிதான் குடிச்சேன்."

ஃப்ரோனி சிரித்தாள்.

"விளையாடாத. நான் வரல."

"பஸ் ஓட்டி ஓட்டி உனக்குக் கால் எப்பவும் பிரேக் மேலயே இருக்குடி ஸீட்டா."

"ஒருத்தர் வேண்டாம்னா மூணு பேருக்கும் வேண்டாம். நாமதானே பேசி வச்சோம்?"

"அது தெரியாத மலைக்கு. இது நம்ம வீட்டுக் கூரை மாதிரி. கண்ண மூடிட்டு ஏறுவேன்."

ஸீட்டா ஃப்ரோனியைப் பார்த்தாள். ஃப்ரோனி கையுறையின் வாரைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில், "நீ இங்கயே இரு ஸீட்டா. தொட்டுட்டு உடனே வந்துடறோம். இந்தா, டீ ஃப்ளாஸ்க் உன்கிட்டயே இருக்கட்டும், எங்களுக்கு வெயிட்டு" என்றாள்.

அந்த ஃப்ளாஸ்க்தான் அவளை அதிகம் சுட்டதாம்.

சரிவு புரண்டாலும் எட்டாத ஒரு பாறைப் பக்கம் ஸீட்டா ஒதுங்கி நின்றாள். பையிலிருந்து பனிவாரியை எடுத்துக் கைப்பிடியை மாட்டினாள். புதைந்தவர்களைக் குத்தித் தேடும் நீளக் கம்பியை இழுத்து நீட்டி வைத்தாள். பனிக்கு அடியில் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் தேடுகருவியை நெஞ்சில் கட்டியிருந்தாள், அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, சரிவில் ஏறினார்கள்.

"ரெண்டு பேரும் புதைஞ்சா நான் ஒருத்திதான் தோண்டணும்" என்று பின்னால் எனக்குச் சொன்னாள். "யாரை முதல்ல தோண்டறதுன்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன் அகாத்தா. ஒரு பதிலும் வந்துச்சு. அத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஒன்றும் ஆகவில்லை. உச்சியில் இருந்த சிலுவைக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்று கையாட்டினார்கள். பிறகு அதே சரிவில், முழங்கால் ஆழப் பொடிப்பனியில், கூவிக்கொண்டே இறங்கினார்கள். பனி அவர்கள் தோளுக்கு மேல் புகை மாதிரி எழுந்தது. இப்படி ஒரு இறக்கம் ஆயுளில் சில தடவைதான் கிடைக்கும் என்று மலை ஏறுகிறவர்கள் சொல்வார்கள். கீழே வந்து நின்றபோது காஸியானின் தாடியெல்லாம் வெள்ளை. சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நொடி எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு" என்று பின்னால் என்னிடம் சொன்னாள் ஸீட்டா. "அவங்க பத்திரமா வந்துட்டாங்களேன்னு ஏமாத்தம். ஒரே ஒரு நொடிதான். அதத்தான் என்னால தாங்க முடியல."

அன்று சாயங்காலம் விடுதியில் காஸியான் மேசையைத் தட்டித் தட்டி அந்த இறக்கத்தைச் சொன்னான். நான் அங்கே சூப் குடித்துக்கொண்டிருந்தேன். "ஸீட்டா என்ன பண்ணினான்னு கேளுங்க. மேல நின்னு காவல் காத்தா. எங்க டீய!" கூட்டம் சிரித்தது. ஸீட்டாவும் சிரித்தாள். அவள் பற்கள் தெரிந்தன, கண்கள் எங்கேயோ இருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை, சூப்பைக் குடித்தேன்.

அடுத்த வாரம் அவளுக்குப் போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பலகைகளுக்கு மெழுகு பூசி, துடைத்து, வாசலில் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாளாம். யாரும் அவளை விலக்கி வைக்கவில்லை. சண்டையும் இல்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை வேறு ஒருவருக்குப் பதிலாகப் பேருந்தை எடுத்தாள். நான் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தேவாலயத்துக்குக் கீழே எதிரில் காஸியானின் வண்டி வந்தது. கூரைமேல் மூன்று ஜோடி ஸ்கீ பலகைகள். முன்னால் காஸியானும் ஃப்ரோனியும், பின்னால் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் ரூபன். காஸியான் ஹாரன் அடித்துக் கையாட்டினான். ஸீட்டாவும் கையாட்டினாள்.

பேருந்து என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

"ஸீட்டா! என் நிறுத்தம்!"

"அடடா." பிரேக் போட்டாள். கதவைத் திறந்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனபோது அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உடம்பு சரியில்லயா?"

"இல்ல. வெயில் கண்ணுல அடிச்சுது" என்றாள். வெயில் எங்களுக்குப் பின்னால் இருந்தது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லாரும் இறங்கிய பிறகு, என்னை நிறுத்தினாள்.

"அகாத்தா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? நாளைக்கு நான் மலைக்குப் போறேன். தனியா. மேய்ச்சல் குடிசைங்க இருக்கே, அந்தப் பக்கம். ஆபத்தான எடம் இல்ல. ஆனா தனியாப் போறவங்க யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போகணும்."

"சரி, சொல்லிட்டுப் போயேன்."

"அதான் சொல்றேன்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "என்கிட்டயா? எனக்கு மலையப் பத்தி என்ன தெரியும்? அந்தக் குடிசை கிழக்குல இருக்கா மேற்குல இருக்கான்னுகூடத் தெரியாது."

"தெரிய வேண்டாம். நான் இறங்கினதும் போன் பண்ணுவேன். இருட்டறதுக்குள்ள பண்ணலன்னா நீங்க மீட்புக் குழுவுக்குப் பண்ணணும். அவ்வளவுதான்."

"ஏன் நான்?"

அவள் ஸ்டியரிங்கைத் தடவினாள். "நீங்க தினம் அதே எடத்துல உக்காந்திருக்கீங்க."

இதைவிடப் பெரிய புகழ்ச்சி எனக்கு யாரும் சொன்னதில்லை. இதைவிடச் சோகமான காரணமும் நான் கேட்டதில்லை.

அப்படித்தான் அது தொடங்கியது. சனிக்கிழமை மத்தியானம் போன் அடிக்கும். "இறங்கிட்டேன்." "சரி." வைத்துவிடுவாள். முதல் மூன்று நான்கு வாரம் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. பிறகு ஒரு நாள், "இறங்கிட்டேன். ஒரு நரி என் தடத்துலயே பின்னாடி வந்துச்சு." "சரி" என்றேன். வைத்த பிறகுதான் நரியைப் பற்றி ஏதாவது கேட்டிருக்கலாம் என்று தோன்றியது. அந்தச் சாயங்காலம் முழுக்க நரியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நிறுத்தத்தில் பேருந்து திரும்புவதற்கு முன் கொஞ்ச நேரம் நிற்கும். நான் ஒரு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்க ஆரம்பித்தேன். அப்போது துண்டு துண்டாகச் சொல்வாள். தனியாகப் போனால் புதுப்பனியில் தடம் போடுவதற்கு முறை மாற்ற ஆள் இல்லை, முழு மலையும் தன் தொடையிலேயே ஏறுகிறது என்றாள். இத்தனை வருஷமும் காஸியானின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏறியிருக்கிறேன், மரங்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். சந்தேகமான இடம் வந்தால் "இங்க திரும்பலாமா?" என்று உரக்கக் கேட்டுக்கொள்வாளாம். "திரும்பலாம்" என்று தானே பதிலும் சொல்வாளாம். அந்தத் தேடுகருவியைக் காலையில் நெஞ்சில் கட்டும்போது மட்டும் கை நின்றுவிடும் என்றாள். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அது உயிரைக் காப்பாற்றும். தனி ஆளுக்கு அது பிணத்தைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். இருந்தாலும் கட்டிக்கொள்வாள்.

"அப்ப எதுக்குக் கட்டறே?"

"கழட்டி வச்சா, எனக்குன்னு யாரும் இல்லன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேய்ச்சல் குடிசைகளுக்கு மேலே இருக்கும் புல்வெளிவரை போய்விட்டு மத்தியானமே திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். மத்தியானத்துக்கு மூடுபனி இறங்கியது. என் ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுக் கொட்டகைகூடத் தெரியவில்லை. போன் அடிக்கவில்லை. நான் துணி மடித்தேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். அவள் எண்ணுக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று குரல் வந்தது.

இருட்ட இன்னும் நேரம் இருந்தது. அவள் சொன்ன கெடு தாண்டவில்லை. ஆனால் மத்தியானம் என்று சொன்னவள் அவள். இப்போது நான் மீட்புக் குழுவைக் கூப்பிட்டு, அவள் பாட்டுக்கு வாசலில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தால்? ஊரே சிரிக்கும். ஸீட்டாவைப் பார்த்து மறுபடியும் சிரிக்கும், என்னால். நான் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்ந்தவள். கணவர் போனபோதுகூட ஏன் என்று கேட்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். மூடுபனி கொஞ்சம் சாம்பல் நிறமானது. எண்ணை அழுத்திவிட்டேன்.

மீட்பு மையத்தில் எடுத்துக் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஊர்க் குழுவிலிருந்து திருப்பிக் கூப்பிட்டார்கள். காஸியான்.

"யாரு, மர ஆலை அகாத்தாவா? ஸீட்டா மலைக்குப் போனது உனக்கு எப்படித் தெரியும்?"

"என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா."

"உன்கிட்டயா?"

"ஆமா. என்கிட்டத்தான்."

"இன்னும் வெளிச்சம் இருக்கு. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். அவ எவ்வளவு ஜாக்கிரதையான ஆளுன்னு ஊருக்கே தெரியுமே."

"ஜாக்கிரதையான ஆளு சொன்ன நேரத்துக்குப் போன் பண்ணலன்னா அதுக்கு என்ன அர்த்தம்? நீயே சொல்லு காஸியான்."

வண்டிச் சாவியின் சத்தம் மட்டும் கேட்டது.

ஸீட்டாவை வீழ்த்தியது பனிச்சரிவு இல்லை. இறங்கி முடித்து, கிட்டத்தட்டச் சமதளத்துக்கு வந்துவிட்டாள். மூடுபனியில் மெதுவாக வந்தவளின் பலகை நுனி, பனிக்கு அடியில் புதைந்திருந்த வேலிக் கம்பியில் மாட்டியது. பலகை காலை விட்டுக் கழலவில்லை. முழங்கால் திரும்பியது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அது ஒரு பள்ளம்; போனில் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. பலகைகளை இழுத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து ஒரு வைக்கோல் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தாள். பையில் இருந்த தடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வைக்கோலுக்குள் இறங்கினாள்.

"மூணு பேரா இருந்திருந்தா அது ஒரு சிரிப்புக் கதை" என்றாள் பின்னால். "காஸியான் என்னை மூட்டை மாதிரி தூக்கிட்டு வந்து வருஷம் பூராச் சொல்லிக் காட்டியிருப்பான். தனியா இருந்ததால அது வேற கதையா ஆயிடுச்சு. ஆனா எல்லென்கோஃபெல்ல நின்னப்ப இருந்த மாதிரி இல்ல. அங்க ரெண்டு பேர் கண்ணுக்குத் தெரிஞ்சாங்க. இங்க யாருமே தெரியல. ஆனாலும் அங்கதான் ரொம்பக் குளிருச்சு."

நான் கடைசிப் பண்ணைவரை போய்ச் சாலையில் நின்றேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஃப்ரோனியும் வந்திருந்தாள். ரொட்டிக் கடை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம்.

"வாரா வாரம் உங்ககிட்டதான் சொல்லிட்டுப் போனாளா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நாங்க... அவளுக்கே வரப் பிடிக்கலன்னு நெனச்சோம்."

"கேட்டீங்களா?"

அவள் மூடுபனியைப் பார்த்தாள்.

வெளிச்சம் போகிற நேரத்தில் காட்டுப் பாதையில் விளக்குகள் தெரிந்தன. மீட்புச் சறுக்குவண்டியில் அவளைப் போர்த்திக் கட்டிக் கொண்டுவந்தார்கள். முன்னால் கயிற்றைப் பிடித்து வந்தது காஸியான். அவன் வாயிலிருந்து ஒரு கிண்டல்கூட வரவில்லை. ஸீட்டாவின் உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்தாள்.

"போன் பண்ணிட்டியா" என்றாள்.

அதுவரை என்னை அவள் 'நீங்க' என்றுதான் சொல்வாள்.

லீன்ஸ் ஆஸ்பத்திரியில் முழங்காலைத் தைத்தார்கள். வசந்தம் முழுக்க ஊன்றுகோல். பேருந்துக்கு வேறு ஆள் வந்தான். வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டுவான். வேலை முடிந்ததும் நான் அவள் வீட்டுக்கு ஏறிப் போய் விறகு எடுத்துக் கொடுப்பேன், உருளைக்கிழங்கு உரிப்பேன். அப்படி ஒரு சாயங்காலம் ஃப்ரோனி வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய க்ராப்ஃபென் என்கிற பொரித்த இனிப்பு ரொட்டி, துணி போட்டு மூடி. நான் எழுந்தேன். "நீ இரு" என்றாள் ஸீட்டா.

ஃப்ரோனி உட்காரவில்லை. "அன்னைக்கு மரத்தாண்ட வந்த சத்தம்..." என்றாள். "எனக்கும் கேட்டுச்சு."

ஸீட்டா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"உச்சி தெரிஞ்சுது. வானம் அவ்வளவு நீலமா இருந்துச்சு. நானும் கேட்டேன்னு சொல்லியிருந்தா காஸியான் திரும்பியிருப்பான், மூணு பேரும் இறங்கியிருப்போம். எனக்கு இறங்கப் பிடிக்கல. அவ்வளவுதான் ஸீட்டா. வேற காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், இல்ல."

"பயமா இல்லயா?"

"ஒவ்வொரு அடிக்கும் இருந்துச்சு."

அடுப்பில் விறகு வெடித்தது. நான் உரித்த கிழங்கையே மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குக் காது கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்" என்றாள் ஸீட்டா. குரல் உயரவில்லை. "இல்ல, வயசாகுது, பயந்து போய் இல்லாததெல்லாம் கேக்குதுன்னு. அதுக்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சத்தத்த மனசுக்குள்ள திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்டி. நெஜமா, இல்லயான்னு."

ஃப்ரோனி அழுதாள். "மன்னிச்சுடுன்னு கேக்கத்தான் வந்தேன்."

"கேட்டாச்சு. உக்காரு. க்ராப்ஃபென் ஆறிப் போகுது."

மூன்று பேரும் சாப்பிட்டோம். நல்ல க்ராப்ஃபென்.

அவள் போன பிறகு நான் சொன்னேன்: "நல்ல செய்திதானே? உனக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு."

"நான் தப்பாக் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் அகாத்தா."

"ஏன்?"

"அப்ப நான் ஒரு முட்டாள், அவ என் சிநேகிதி. அதோட போயிருக்கும்."

தட்டைக் கழுவி வைத்தேன்.

காஸியான் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. அவனுக்குக் கேட்டதா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சனிக்கிழமை மலைக்குப் போகாமல் ஏணியோடு வந்தான். ஸீட்டா வீட்டு வாசற்படியில் ஊன்றுகோல் வழுக்காமல் இருக்கப் பெரிய விளக்கு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"எல்லென்கோஃபெல் சரிவு இருக்கே, பனி உருகி முடியற வரைக்கும் அசையவே இல்ல, தெரியுமா?"

"தெரியும். ஜன்னல்லேர்ந்து தினம் பார்க்கறேனே."

"அப்ப?"

"அப்பவும் நான் ஏறியிருக்க மாட்டேன்."

"பிடிவாதக்காரி" என்றான். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்த வார்த்தையை அவன் சொன்ன விதத்தில் மரியாதை இருந்ததாக எனக்குத் தோன்றியது. ஸீட்டாவுக்கு அப்படித் தோன்றவில்லையாம்.

ஒன்று மட்டும் அந்தக் குளிர்காலத்தில் நான் கற்றுக்கொண்டேன். மலைக்குப் போகாத எனக்கே அது விளங்கியது. ஏறி ஜெயித்தவனுக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும். புதைந்தவனுக்குக்கூட ஊர் ஒரு கதை வைத்திருக்கும். திரும்பி வந்தவளுக்கு எதுவும் கிடையாது. தான் செய்தது சரி என்று அவளுக்கு யாரும், எந்த மலையும் சொல்லப் போவதில்லை. யாரும் சொல்லாமலே அவள் அதோடு வாழ வேண்டும்.

அடுத்த டிசம்பரில் முழங்கால் தேறிவிட்டது. காஸியான் போன் செய்து கூப்பிட்டான். ஸீட்டா போனாள். திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு."

"பின்ன ஏன் முகம் இப்படி இருக்கு?"

"ஒவ்வொரு வளைவுலயும் நின்னு, 'சரியா இருக்கா ஸீட்டா, உனக்கு ஓகேவா ஸீட்டா'ன்னு கேக்கறான். ஃப்ரோனி நான் சொல்றதுக்கு முன்னாடியே தலைய ஆட்டறா. கண்ணாடிப் பாத்திரத்தத் தூக்கிட்டுப் போற மாதிரி என்னைக் கூட்டிட்டுப் போறாங்க."

"அவங்க முயற்சி பண்றாங்க."

"தெரியும். அதனாலதான் அடுத்த மாசமும் போவேன்."

மாதம் ஒரு தடவை அவர்களோடு போகிறாள். மற்ற வாரங்களில் தனியாக. தனியாகப் போவது ஆபத்து என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்டுக்கொண்டாள், போனாள். அந்த மத்தியானங்களில் நான் வீட்டை விட்டு வெளியே போவதில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி நிற்காமல் கொட்டியது. அன்று மேலே யாருமே போக முடியாது. மத்தியானத்துக்குக் கதவு தட்டுகிற சத்தம். ஸீட்டா, தோளெல்லாம் பனியோடு. என் வீட்டுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, சமையலறையில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாமல் நின்றாள்.

"இப்படிப் பனி கொட்டற நாள்ல நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். பார்த்துட்டு உக்காந்திருப்பேன்."

"நானும் உக்காரட்டுமா?"

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். காப்பி வைத்தேன். எங்கள் இருவருக்கும் பேசுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. எதிர்வீட்டுக் கொட்டகையின் கூரை மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போனது. இருட்டுவதற்கு முன் அவள் எழுந்தாள். காலையில் பேருந்துச் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்ட வேண்டும், சீக்கிரம் படுக்கணும் என்றாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள். அவள் காலடித் தடங்கள் கொஞ்ச நேரத்தில் மூடிப் போயின.